மாப்பிள்ளைக் காரை மறித்தவன்

“மாப்பிள்ளைக் காரை மறியுங்கோ! மறியுங்கோ!”

கிளிநொச்சிச் சந்தை வாசலால் கத்திக்கொண்டு ஓடினான் மரியநேசன். கையில் ஸ்பானர், காலில் செருப்பில்லை, முகமெல்லாம் கண்ணீர்.

பார்த்த சனத்துக்குச் சொல்லவா வேண்டும்? “ஆரின்ரை பெட்டையை ஏமாத்திப்போட்டுத் தாலி கட்டப் போறாராம் மாப்பிள்ளை?” என்று வெற்றிலைக் கடைக்காரர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் ஓடியது பெட்டைக்காக அல்ல, ஒரு பாழாய்ப்போன துணித்துண்டுக்காக. மரியநேசன் மெக்கானிக். அந்தக் காருக்குக் கியர்பொக்ஸ் மாற்றி, அன்று காலைதான் வேலையை முடித்துக் கொடுத்திருந்தான்.

அரிசி ஆலை முதலாளி சிற்றம்பலம் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய பெரிய அமெரிக்கக் கார் அது. கிளச் கிடையாது, கியர் தானாகவே மாறும். கியர்பொக்ஸில் சூடேறும் ஒயிலை இரண்டு மெல்லிய குழாய்கள் முன்னாலுள்ள ரேடியேற்றருக்குக் கொண்டுபோய், ஆறவைத்துத் திருப்பிக் கொண்டுவரும்.

கொழும்பிலிருந்து வந்த மாற்றுக் கியர்பொக்ஸுக்குப் பழைய குழாய்கள் பொருந்தவில்லை. அவன் அவற்றைச் சூடுகாட்டி வளைத்துப் பூட்டினான். அதுவரை மண் போகாதிருக்க இரண்டு குழாய் வாயிலும் துணி அடைத்திருந்தான்.

மாப்பிள்ளை பரமலிங்கம், முதலாளியின் மகன், விடியவே வந்து பக்கத்தில் படுத்துவிட்டான். கலியாணச் சடங்குக்குப் பால் அறுகு வைத்துத் தலை முழுக வார்க்க வீட்டில் அவனைத் தேடுகிறார்கள், அவனோ காருக்குக் கீழே குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்!

“குழாய் அடைச்சால் என்ன அண்ணை நடக்கும்?”

“ஒயில் கொதிச்சுக் கியர் எரிஞ்சிடும் தம்பி. மாங்குளத்துக்கு அங்காலை நடுக்காட்டுக்குள்ளை நிண்டிடும். பேந்து யானைதான் வந்து தள்ளவேணும்.”

பரமலிங்கத்தின் முகம் மாறியதைக் கண்டு மரியநேசன் சிரித்தான். “பயப்பிடாதை. நான் பூட்டினது பிழைக்குமோ?” என்று சொல்லிவிட்டு, அவனையே காவலுக்கு விட்டுவிட்டு ஒயில் வாங்கக் கடைக்குப் போனான். வந்து நட்டுகளை இறுக்கி, ஒயில் விட்டு, காரைக் கொடுத்தனுப்பினான்.

மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கார் வெளிக்கிட்ட பிறகுதான் நிலத்தைக் கூட்டினான். துணி ஒன்றுதான் கிடந்தது. மற்றதைக் காணவில்லை. எடுக்க மறந்து குழாய்க்குள்ளேயே விட்டுப் பூட்டிவிட்டேனே!

மாப்பிள்ளை வராத கலியாணம் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் தங்கை புனிதம் முல்லைத்தீவுக் கோயிலில் கலியாணச் சீலையோடு மத்தியானம்வரை நின்றவள். அதற்குப் பிறகு அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. இன்றைக்கு நெடுங்கேணியில் இன்னொருத்தி காத்திருக்கிறாள், முகூர்த்தத்துக்கோ அதிக நேரமில்லை. ஐயோ, ஒருத்தியின் வாழ்க்கையை அடைத்துவிட்டேனே என்று ஸ்பானரோடு தெருவுக்குப் பாய்ந்தான்.

காருக்குள் சாரதி தவராசா கண்ணாடியில் அவனைக் கண்டான். “முதலாளி, மெக்கானிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வாறான்.”

“வெளிக்கிடேக்கை பின்னாலை கூப்பிட்டால் திரும்பிப் பாக்கிறேல்லை. சகுனப்பிழை! அமத்தடா!” என்றார் சிற்றம்பலம்.

அவன் கத்தக் கத்தக் கார் வேகமெடுத்தது.

நெல் மூட்டையோடு வந்த ஒரு லொறிக்கு முன்னால் மரியநேசன் கையை விரித்துக்கொண்டு நின்றான். “முறிகண்டிமட்டும் அண்ணை! உங்களைக் கும்பிட்டன்!”

அது ஒன்றுதான் நம்பிக்கை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த ரோட்டால் ஒரு வாகனமும் போகாது. லொறி ஆடி ஆடி ஊர்ந்தது. “மாதாவே, அவங்களைப் பிள்ளையாரடியிலை கொஞ்சநேரம் மறிச்சு வைச்சிரு” என்று வழிநெடுக மன்றாடினான்.

மாதா கேட்டாள். கார் கோயிலடியில் நின்றது. சிற்றம்பலம் திருநீறு பூசிக்கொண்டு ஏறப்போனார்.

“நீயோடா பின்னாலை கூப்பிட்டனி? நல்ல காரியத்துக்குப் போறவனை...”

“பேந்து பேசுங்கோ ஐயா!” என்று காருக்குக் கீழே பாய்ந்தான். ரேடியேற்றர் பக்க நட்டைக் கழற்றினான். கொதித்த ஒயில் கையில் ஊற்றியது, தோல் கழன்றது. பல்லைக் கடித்துக்கொண்டு குழாய்க்குள் சுண்டுவிரலை விட்டான். இருந்தது! இழுத்தெடுத்தான், நட்டை இறுக்கினான், சிந்திய ஒயிலுக்கு ஈடாகத் தவராசாவிடமிருந்த தகரத்திலிருந்து ஊற்றினான்.

விசயத்தைக் கேட்ட சிற்றம்பலம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளையார்தான் உன்னை அனுப்பியிருக்கிறார், மோனை.”

மரியநேசன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். வெந்த கையை மறந்து, துணியைத் தூக்கிப் பிடித்தபடி பின் யன்னலுக்கு ஓடினான்.

“தம்பி, இனிப் பயமில்லை! முகூர்த்தத்துக்கு முதலே போய்ச் சேந்திடுவியள்.”

தலைப்பாகைக்குக் கீழே பரமலிங்கத்தின் முகம் வேர்த்திருந்தது. அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பன் முன்னால் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். கார் உருளத் தொடங்கியபோது மாப்பிள்ளை யன்னலால் குனிந்து, அவனுக்குமட்டும் கேட்கச் சொன்னான்:

“கஸ்ரப்பட்டு வைச்சனான், ஏன் அண்ணை எடுத்தனீங்கள்?”