தூக்கிப் பார்த்து வாங்கலாம்

“செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கங்க தம்பி. இங்க பேச வேணாம், மேல போய்ப் பேசிக்கலாம்” என்று பெரியவர் காதோடு காதாகச் சொன்னார். முன்வாசலைத் தவிர்த்து, சுவரோரமாகச் சுற்றி, வெளிப்படிக்கட்டு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

‘மகனுடைய உடற்பயிற்சிச் சாமான்கள் விற்பனைக்கு’ என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்த கூரியர்காரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? சொந்த வீட்டில் திருடன் மாதிரி ஏறுகிற மனுஷன், பெண்டாட்டிக்குத் தெரியாமல் மகனுடைய சாமான்களைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது. எப்படியோ போகட்டும், நமக்கு அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் சரி.

அவன் அவசரம் அவனுக்கு. தீயணைப்புப் படைத் தேர்வில் ஓர் ஆள் கனத்துக்கு மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். போன தடவை பாதி தூரத்தில் முட்டி மடங்கி, எல்லார் முன்னாலும் மண்ணைக் கவ்வினான். அடுத்த தேர்வோடு வயது வரம்பு முடிகிறது.

பார்சல் கொடுத்து முடிப்பதற்குள் ஜிம்மைப் பூட்டிவிடுகிறார்கள். புதுசாக வாங்கலாம் என்று கடையில் கேட்டால் யானை விலை, குதிரை விலை. வீட்டில் வைத்துப் பழக ஒரு பழைய செட் கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் பார்சல்தான்.

மேலே அறைக்கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். பெஞ்ச், இரும்பு பார், சின்னதும் பெரிசுமாக எடைப் பிளேட்டுகள், டம்பெல்ஸ், பாரைத் தாங்க ஒரு ஸ்டாண்டு. சும்மா சொல்லக் கூடாது, துரு இல்லை, தூசி இல்லை, பாருக்கு எண்ணெய்கூடத் தடவி வைத்திருந்தார்கள்.

அவன் குடியிருக்கும் ஒற்றை அறையில் இவ்வளவும் அடங்காது. மூட்டை தூக்க முதுகும் தொடையும்தான் முக்கியம். பாரும் பிளேட்டும் போதும், பெஞ்சை விட்டுவிடலாம் என்று யோசித்தான். பெரியவரோ, அவசரமே இல்லை, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், விளம்பரத்திலேயே அப்படித்தானே போட்டிருக்கிறேன் என்றார்.

பிளேட்டுகளை மாட்டிவிட்டு, மூலையில் சுருட்டியிருந்த ரப்பர் பாயை எடுத்து விரிக்கப் போனான். பெரியவர் தடுத்தார்.

“அது வேணாம் தம்பி. வெறும் தரையிலயே போடுங்க.”

“டைல்ஸ் உடைஞ்சுடும் சார்.”

“உடையட்டும்.”

பெரியவருக்கு மரை கழண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பாரை இடுப்புவரை தூக்கி இறக்கினான். தொம்மென்று அறையே அதிர்ந்தது. படியேறும்போது மூச்சுக்கூட விடாதே என்ற மனுஷன், இப்போது கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

கீழேயிருந்து ஓர் அம்மாளின் குரல் வந்தது. “டேய், வீடு இடிஞ்சு என் தலையில விழப்போகுதுடா. மெதுவா வைடா.” அதட்டல்தான், ஆனால் அதில் கோபம் துளிக்கூட இல்லை.

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். பெரியவர் சட்டென்று அவன் வாயைப் பொத்தினார். பேசாமல் இன்னும் கொஞ்சம் பண்ணுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி சைகை காட்டினார்.

சரி, ஓசியில் ஒரு நாள் பயிற்சி ஆச்சு என்று அவனும் வியர்க்க விறுவிறுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டான். கீழே பாத்திரங்கள் உருண்டன. அந்த அம்மாள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சமைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், பாரும் பிளேட்டும் ஸ்டாண்டும் எடுத்துக்கொள்கிறேன், விலையைச் சொல்லுங்கள், வண்டி தெருமுனையில் நிற்கிறது என்று கிசுகிசுத்தான். பெரியவர் தரையைப் பார்த்தார். இது விற்பதற்கு இல்லை, மன்னித்துவிடுங்கள் என்றார்.

அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. சம்பளத்தை விட்டு லீவு போட்டு வந்திருக்கிறேன், என் பிழைப்பே இதில் தொங்குகிறது, வயசான காலத்தில் இது என்ன விளையாட்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். உங்களோடு பேசிப் பிரயோஜனம் இல்லை, உங்கள் மகனிடமே பேசிக்கொள்கிறேன் என்று உள்படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

பெரியவர் ஓடிவந்து வழியை மறித்துக்கொண்டு நின்றார். “அவ கண்ணுல பட்டுடாதீங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். உங்களைத்தான் அவன்னு நினைச்சுக்கிட்டிருக்கா.”

“அப்ப உங்க பையன்?”

“விபத்துல போயிட்டான். அவளுக்கு மறதி நோய், எதுவும் நினைப்புல நிக்கறதில்ல. நானே தூக்கிப் போடலாம்னா, ஒரு பிளேட்டைக்கூட அசைக்க முடியல. அதான் விளம்பரம் கொடுத்து ஆளை வரவழைக்கிறேன்.”

கோபம் போன இடம் தெரியவில்லை. அவன் மெதுவாகக் கேட்டான். “அவங்க அப்படியே மறந்துட்டு நிம்மதியா இருக்கட்டுமே சார். இந்தச் சத்தம் எதுக்கு?”

பெரியவர் தோள்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கீழே கேட்டுவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் அழுதார்.

“சத்தம் இல்லாத அன்னிக்கு, ‘பையன் எங்கே’ன்னு கேக்கறா தம்பி. பொய் சொன்னா என் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுடறா. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அவன் இன்னிக்குத்தான் சாகறான்.”