பளபளக்கும் நாலு கம்பி

கல்யாணராமன் தன் ஐம்பத்திரண்டாவது வயதில் முதல்முறையாகத் திருடுவது என்று முடிவெடுத்தபோது, பகல் மணி பன்னிரண்டு நாற்பது. திருட வேண்டிய பொருள் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றது. காவலுக்கு இருந்த ஒரே ஆளும் அவர்தான்.

இடம், ஒரத்தநாட்டில் ஓர் உரக்கடையின் மாடி. பிரகதீஸ்வரியின் இன்னிசைக் குழு அங்கேதான் ஒத்திகை பார்க்கும். குழுவில் நாலு தடித்த கம்பி உள்ள பேஸ் கிடார் வாசித்தவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. கணக்கு வாத்தியாரான கல்யாணராமன் ஒருவர். மல்லிப்பட்டினத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் வீரமணி இன்னொருவன். இரண்டு மணிக்கு இருவரும் வாசித்துக் காட்ட வேண்டும்.

எட்டு வருடமாகப் பூட்டிய அறைக்குள் தனக்குத் தானே வாசித்துக்கொண்டிருந்தவர் கல்யாணராமன். ஒரு தடவையாவது மேடையேறிவிட வேண்டும் என்பது அவருக்கு ஆசை இல்லை, வெறி.

அவருடைய கிடார் கம்பிகளுக்கும் அதே எட்டு வயது. புதுசு வாங்க அவருக்கு மனசு வராது. கை எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கம்பிகள் கறுத்துப்போயிருந்தன. வினிகர் கலந்த தண்ணீரில் கொதிக்கவைத்தால் பழைய கம்பிக்குப் புது உயிர் வரும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ரசப் பாத்திரத்தை எடுக்கப் போனார்.

"அதுல கம்பியைப் போட்டேள்னா, அப்புறம் ரசமும் நீங்களே வெச்சுக்குங்கோ" என்றாள் மனைவி காமு. அத்தோடு அந்த யோசனையைக் கைவிட்டார்.

காலையில் வீரமணி வந்ததும் வராததுமாக அவர் கிடாரைத்தான் பார்த்தான். கம்பியை விரலால் தடவினான்.

"எத்தனை வருஷக் கம்பி சார்?"

"எட்டு."

"ஒரு தடவைகூட மாத்தலையா?"

"இல்லைப்பா."

"கொதிக்கவும் வைக்கலை?"

கிண்டல் பண்ணுகிறான் என்று அவருக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார்.

"என்னுது நேத்துதான் சார் மாட்டினேன். எப்படி மின்னுது பாருங்க!" என்று ஒரு தட்டுத் தட்டினான். கணீர் என்றது. கல்யாணராமனுக்கு வயிறு எரிந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு, ஒன்றுக்கு மூன்று தடவை தொட்டுப் பார்த்தார்.

பன்னிரண்டரைக்குக் குழுவினர் எல்லாரும் மெஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்ததால் கல்யாணராமன் மட்டும் போகவில்லை.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணி சாப்பிட்டுட்டு வந்துடறேன் சார். எப்படியும் ரெண்டு மணி ஆயிடும். கிடாரைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வீரமணியும் போனான்.

கல்யாணராமன் பார்த்துக்கொண்டார். பத்தே நிமிடத்தில் அவர் மனசு கெட்டுவிட்டது.

அவனுடைய புதுக் கம்பிகளைக் கழற்றித் தன் கிடாரில் மாட்டினார். தன்னுடைய கறுத்த கம்பிகளை அவனுடையதில் மாட்டினார். சந்தேகம் வரக்கூடாதென்று இரண்டுக்கும் சுத்தமாகச் சுருதியும் சேர்த்தார். நிறத்தைப் பார்த்து அவன் கேட்டால்? சாதித்துவிட வேண்டியதுதான், கம்பியில் யார் பேரும் எழுதியிருக்கவில்லையே. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது மணி ஒன்று ஐம்பத்தைந்து. தயிர்சாதத்தைத் திறக்கவே இல்லை.

எல்லாரும் திரும்பி வந்ததும் முதலில் அவர்தான் வாசித்தார். முதல் இரண்டு வரி அமர்க்களமாகப் போனது. மூன்றாவது வரியில் சுருதி இறங்கத் தொடங்கியது. புதுக் கம்பியை மாட்டினால் நன்றாக இழுத்துவிட்டு, நாலைந்து தடவை சுருதி சேர்த்துப் படிய வைக்க வேண்டும். எட்டு வருடமாகக் கம்பியே மாற்றாதவருக்கு அது எப்படி ஞாபகம் இருக்கும்? போதாக்குறைக்கு, விரல் நகர்ந்த இடத்திலெல்லாம் கீச் கீச்சென்று வேறு கத்தியது.

பிரகதீஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினார். "சார், நாம பாடுறது பழைய பாட்டு. நீங்க வாசிக்கறது பாத்திரக்கடையில ஆள் பூந்த மாதிரி இருக்குங்க."

அடுத்தது வீரமணி. கிடாரைத் தோளில் மாட்டினான், ஒரு கம்பியைத் தட்டினான், நிறுத்தினான். குனிந்து கம்பிகளையே பார்த்தான். கல்யாணராமன் தன் கிடாரை மெல்ல முதுகுக்குப் பின்னால் தள்ளினார். ஆனால் அவன் நிமிர்ந்து வாசிக்க ஆரம்பித்தான்.

தும், தும் என்று உருண்டு திரண்டு வந்தது சத்தம். பிரகதீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார்.

"இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்! அந்தக் காலத்து ரெக்கார்டுல வர்ற அதே சத்தம். நாளன்னைக்குப் பேராவூரணியில கச்சேரி, வந்துடுங்க தம்பி."

அது என் கம்பியின் சத்தம் என்று கத்த வேண்டும் போலிருந்தது கல்யாணராமனுக்கு. கத்தினால் திருட்டு வெளியே வந்துவிடும். எட்டு வருடம் மடியில் வைத்திருந்தும் அதன் அருமை தெரியாமல் போனதே என்று தன்னையே நொந்துகொண்டார்.

படியிறங்கும்போது வீரமணி பக்கத்தில் வந்தான். "சார், புதுக் கம்பி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் படியிலேயே நின்றுவிட்டார். "தெரிஞ்சு போச்சா? மன்னிச்சுடுப்பா. புத்தி கெட்டுப்போச்சு."

"நீங்க எதுக்கு சார் மன்னிப்புக் கேக்கறீங்க? இப்படி எட்டு வருஷம் ஊறின கம்பியை எந்தக் கடையிலயும் விக்க மாட்டான். உங்ககிட்டயே கேட்டா, எதுக்குன்னு கேப்பீங்க. சொன்னா தர மாட்டீங்க" என்று சிரித்தான் வீரமணி.

"அதனாலதான் சார், பசியே இல்லாம பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருந்தேன்."