ஐந்தாம் அறை

கண்ணாடிக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிகிறது. சன்னலில் பெங்களூர் மழை ஓசையில்லாமல் வழிகிறது. கதவு பூட்டும் புரோகிராமைச் சோதிக்க மடிக்கணினியோடு ஐந்தாம் அறையில் உட்கார்ந்த தேஜஸ்வினி அதே அறைக்குள் அடைபட்டிருக்கிறாள், கூடவே மேலாளர் நாகேந்திராவும். பூட்டும் கட்டளையின் அடைப்புக்குறிக்குள் முதலில் கதவு எண், அடுத்து நிமிடம் வரவேண்டும். நாற்பதாம் கதவை ஐந்து நிமிடம் பூட்ட நினைத்தவள் ஐந்தை முன்னால் போட்டுவிட்டாள்; ஐந்தாம் கதவு நாற்பது நிமிடத்துக்குப் பூட்டிக்கொண்டது. கணினிக்கு அவள் மனசா தெரியும்? எந்த எண் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் தெரியும். "நடுவுல திறக்க முடியாதாம்மா?" என்கிறார் நாகேந்திரா. "முடியவே கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க." கண்ணாடிக்கு அப்பால், மேசையில் அவர் விட்டுவந்த போன் மின்னி மின்னி அதிர்ந்து, மெல்ல விளிம்பை நோக்கி நகர்கிறது. அவர் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கிறது. அதைச் சுற்றி ஆவி படர்கிறது. "பொண்ணு ஸ்கூல் வாசல்ல நிப்பா. மழை வேற." நேற்று தன் பையனைக் கூட்டிவர இவள் பையை மாட்டிக்கொண்டு நின்றபோது அவர் திரையிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாப்பது நிமிஷந்தானம்மா, முடிச்சிட்டுப் போ" என்றார். தேஜஸ்வினி வியர்த்த விரல்களைத் துப்பட்டாவில் துடைக்கிறாள். "நாப்பது நிமிஷந்தான சார்," என்கிறாள், நேற்று அவர் சொன்ன அதே குரலில்.