தேடாத பிள்ளை

கல்லூரியின் கோடைப் பயிற்சி முடிந்து, வகுப்புகள் தொடங்கும் முன் அன்சிலா இரண்டு நாள் தூத்துக்குடி வீட்டுக்கு வந்திருந்தாள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வீட்டைத் தேடும் ஏக்கம் வராமலிருக்க, பயிற்சியின் முதல் நாளே காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வில்லையை ஒட்டிவிடுகிறார்கள். படிப்பு முடியும்வரை அதை எடுக்க முடியாது.

அம்மா ரொசாரி நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். அன்சிலா நன்றாகவே சாப்பிட்டாள். "ரொம்ப தேங்க்ஸ்ம்மா" என்றாள். பிறகு, "கொஞ்சம் தண்ணி எடுத்துக்கிடட்டுமா?" என்று விருந்தாளி போலக் கேட்டாள்.

ரொசாரி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள்.

"அங்க என்னையத் தேடிச்சா மக்கா?"

"இல்லம்மா. அங்க யாருக்குமே தேடாது. முன்னாடியெல்லாம் பாதிப் பேரு அழுதுட்டே ஊருக்கு ஓடிருவாங்களாம். இப்ப எல்லாரும் நல்லாப் படிக்கோம்."

நன்றாகப் படிக்க வேண்டும் என்றுதான் ரொசாரியும் அனுப்பினாள்.

கிளம்பும் நாளில், பஸ் நிலையத்தில் அன்சிலா ஒரு சிறு டப்பாவை நீட்டினாள். "பெத்தவங்களுக்கும் ஒரு வில்லை குடுத்திருக்காங்க. ஒட்டிக்கிட்டா உனக்கும் கஷ்டம் இருக்காதும்மா."

ரொசாரி அதை மகளின் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"வேண்டாம் மக்கா. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நானே தேடிக்கிடுதேன்."

"தேடுறதுன்னா எப்படிம்மா இருக்கும்?"

அன்சிலா உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ரொசாரி சொல்வதற்குள் நடத்துநர் அவசரப்படுத்த, மகள் ஏறி உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு கையசைத்தாள்.

பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் ரொசாரி அந்தத் திசையையே பார்த்து நின்றாள்.

"இப்படித்தான் இருக்கும்" என்றாள்.