கப்பலுக்கு வந்த மொட்டைக் கடிதாசி

கணக்கு வாத்தியார் ஹெப்ரான், பாளையங்கோட்டை வீட்டுக் கொல்லையில் ஆறு வருஷம் பாடுபட்டுக் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல், புன்னக்காயல் முகத்துவாரத்தில் மிதந்துகொண்டிருந்தது. ராமேஸ்வரம் வரை தனியாகவே ஓட்டிப் போகப் போவதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தார். வழியனுப்ப மனைவி பியூலாவும் கரைக்கு வந்திருந்தாள்.

கடலோரக் காவல் எஸ்.ஐ. ஒரு தாளை நீட்டினார்.

"சாருக்குக் கப்பல் கட்டத் தெரியும், காத்தைச் சமாளிக்கத் தெரியாது, போனா பிணமாத்தான் கரை ஒதுங்குவாருன்னு மொட்டைக் கடிதாசி வந்திருக்கு."

"எவனோ வயித்தெரிச்சல் புடிச்ச பய எழுதியிருக்கான்," என்றார் ஹெப்ரான்.

"பேரில்லாத கடிதாசியை வச்சு நான் தடுக்க முடியாது. பேப்பரெல்லாம் சரியா இருக்கு, கிளம்புங்க."

"என்ன வே, ஏறலியா? காத்து ஒமக்காகக் காத்துக் கெடக்குமா?" சக வாத்தியார் ஜேசுதாசன் சொல்ல, கூட்டம் சிரித்தது.

பியூலா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இதை எழுதுனது நான்தான் சார். இவுகளை விடாதீக. இப்பவே பேரு போட்டுக் கையெழுத்துப் போடுதேன்."

எஸ்.ஐ. பயணத்தை நிறுத்திவிட்டார்.

"ஆறு வருஷப் பாட்டைக் கெடுத்துட்டியேட்டி," என்று கரை முழுக்கக் கேட்கும்படி ஹெப்ரான் சத்தம் போட்டார். பியூலா திட்டையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

கடிதத்தில் எழுத்தெல்லாம் இடது கையால் எழுதியதுபோல் கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு காரணத்துக்கும் எண் போட்டு, கடைசி வரிக்குக் கீழே, கணக்குக்கு விடை எழுதியதுபோல் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு இழுத்திருந்தார், அவள் கணவர்.