ஒன்பதாவது கோடு

கரும்பலகையை நான்காம் முறையாக அழித்தேன்.

சாக்பீஸ் தூள் தாசில்தாரின் காப்பியில் விழுந்தது. அவர் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சமாதானக் கூட்டம். பெஞ்சுகளில் மேலத்தெருவும் நடுத்தெருவும். வாசல் வெயிலில் சேரியின் ஐயாவு நின்றார். அவர் மனைவி காத்தாயி இறந்து ஒன்றரை நாள் ஆகிறது. சேரியில் பாடை கட்டித் தயாராக இருந்தது. போக வழிதான் இல்லை.

கூலி உயர்வு கேட்டுச் சேரியில் சிவப்புக் கொடி ஏறிய வருஷம் அது. சேரிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போக, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்த குறுக்குப் பாதையை, மேலத்தெரு முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டது. சனிக்கிழமை மந்திரி வருகிறார். அதற்குள் ஊர் அமைதியாகியாக வேண்டும்.

மேலத்தெருவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. மேலத்தெரு, நடுத்தெரு, சேரி மூன்றிலிருந்தும் ஆற்றுத்துறைக்கும், தார் ரோட்டுக்கும், சுடுகாட்டுக்கும் தனித்தனிப் பாதை. எந்தப் பாதையும் இன்னொன்றை வெட்டக் கூடாது.

கணக்கு வாத்தியாருக்குக் கோடு போடத் தெரியும் என்று நம்பி, தாசில்தார் என்னை மன்னார்குடியிலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார். முன் சீட்டு. அந்தப் பெருமையில் நானும் நம்பிவிட்டேன்.

எட்டுக் கோடு அழகாக வந்தது. ஒன்பதாவது எங்கேயாவது போய் இன்னொன்றை வெட்டியது.

ஐந்தாம் முறை சாக்பீஸை வைக்கும்போதுதான், காலேஜில் பாதித் தூக்கத்தில் கேட்ட பாடம் ஞாபகம் வந்தது.

விளக்கினேன். ஒரு தெரு, ஒரு இடம் என்று மாற்றி மாற்றி ஆறு புள்ளிகளையும் வளையமாகக் கோத்தால் ஆறு கோடு தீர்ந்துவிடும். மிச்சம் மூன்று. ஒன்று வளையத்துக்கு உள்ளே போகலாம். ஒன்று வெளியே சுற்றிப் போகலாம். மூன்றாவது உள்ளே போனாலும் வெட்டும், வெளியே போனாலும் வெட்டும். தரை தட்டையாக இருக்கும்வரை இதற்கு விமோசனம் இல்லை. நம் டெல்டாவோ தோசைக்கல்.

இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு தெளிவாக நான் பாடம் நடத்தியதில்லை. கேட்டவர்கள் தூங்காததும் அதுதான் முதல் தடவை.

மேலத்தெரு அமிர்தலிங்கம் துண்டை உதறினார்.

"வாத்தியாரே, பையன்களை ஃபெயில் போடுற மாதிரி ஊரையே ஃபெயில் போடுறீங்களே. இன்னொரு தடவை போடுங்க."

ஐயாவு வாசலிலிருந்து என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"எந்தக் கோடா இருந்தாலும் சரிங்கய்யா. வெயில் ஏறுது. அவ தாங்க மாட்டா."

அதற்குப் பிறகு எனக்குத் தமாஷ் எதுவும் வரவில்லை.

பலகையை விட்டேன். தாசில்தாரிடம் ஒரு முழுத்தாள் கேட்டு வாங்கி, பேனாவால் போட்டேன். முதல் கோடு சேரியிலிருந்து சுடுகாட்டுக்கு. மற்றதெல்லாம் அதற்கப்புறம். அவசரத்தில் ஆறு கொஞ்சம் குளம் மாதிரி வந்தது.

அமிர்தலிங்கம் தாளை வாங்கினார். சேரியிலிருந்து கிளம்பும் மூன்று கோடுகளின் மேலும் விரலை வைத்து, அவை முடிகிற இடம்வரை மெதுவாக ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். சேரியின் கோடுகளைத் தவிர வேறு எதையும் அந்த விரல் தொடவில்லை.

"எதுவும் எதையும் வெட்டலியே?"

"வெட்டலீங்க."

அது சத்தியம்.

அவர் கையெழுத்துப் போட்டார். கூட வந்த இரண்டு பேரும் போட்டார்கள். நடுத்தெரு இராஜாங்கம் போட்டார். ஐயாவு கட்டைவிரலை உருட்டிவிட்டு, மையைக்கூடத் துடைக்காமல் ஓடினார்.

தப்பு மேளத்தின் சத்தம் வாய்க்கால் கரையோடு போயிற்று. அது சுடுகாட்டுப் பக்கம் நின்ற பிறகுதான் ஜீப்பில் ஏறினோம்.

தாசில்தார் தாளை மடியில் விரித்து, உதடு அசையக் கோடுகளை எண்ணினார். திரும்ப ஒரு தடவை எண்ணினார். என்னைப் பார்த்தார். நான் நாற்றங்காலைப் பார்த்தேன்.

அவர் பெட்டியிலிருந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, அழுத்திக் குத்தினார்.

மேலத்தெருக்காரர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளில், மேலத்தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது.