பதினோராம் எண்ணுக்குப் பூஜ்யம்

"நிறுத்துங்க! இதுக்குப் பேரு வாசிப்பா? சளி பிடிச்சவன் மூக்கைச் சிந்தற மாதிரி இருக்கு!"

லோதார் போட்ட கத்தலில் ஹெட்விக் கையிலிருந்த காப்பி தளும்பி மடியில் கொட்டியது.

வியன்னா இசைக்குழு ஒன்றில் ஓபோ குழல் வாசிக்க ஆள் எடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்க மூன்று பேர்: முப்பத்தெட்டு வருடமாக முதல் ஓபோ வாசிக்கும் லோதார், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பஸூன் வாசிக்கும் ஹெட்விக், தலைவர் கொன்ராட். வந்திருக்கும் ஒலிப்பதிவுகளில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, எண் மட்டும்தான். மூவரில் ஒருவர் பூஜ்யம் போட்டாலும் அந்த ஆள் அவுட். சண்டை போட்டு இந்த விதியைக் கொண்டுவந்தவரே லோதார்தான்.

"பதினொண்ணை இன்னொரு தடவை கேட்கலாமே?" என்றார் கொன்ராட். முகம் வெளிறியிருந்தது.

"எதுக்கு? இது யார் சிபாரிசு? மேனேஜரோட மச்சானா?"

"சிபாரிசெல்லாம் இல்லைங்க."

"இந்தப் பாட்டோட கதை தெரியுமா இவனுக்கு? பொண்டாட்டியை அடக்கம் பண்ணிட்டு வந்த மனுஷன், கோட்டைக்கூடக் கழட்டாம உட்கார்ந்து எழுதின பதினாறு வரி! இவன் என்னடான்னா சீவாளியைக் கடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கறான். இவனையெல்லாம் மேடையில ஏத்தினா செத்தவளே எழுந்து வந்து அடிப்பா!"

யாரும் சிரிக்கவில்லை. ஹெட்விக்கின் கண் கலங்கியிருந்தது.

"லோதார், தயவுசெஞ்சு மார்க்கை மட்டும் இப்ப எழுதாதீங்க."

"அம்மா தாயே, உனக்கு எல்லாருமே பாவம்தான். நம்ம குழு என்ன தர்ம சத்திரமா?"

பேனாவை எடுத்துப் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுத் தாளைத் தள்ளினார். கொன்ராட் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பூஜ்யத்துக்கா இவ்வளவு அதிர்ச்சி என்று லோதாருக்கு எரிச்சலாக வந்தது.

அவருடைய கவலை வேறு. இந்த மாதக் கடைசியில் அறுபத்தைந்து வயது முடிந்து ஓய்வு. இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். சும்மா ஒரு சடங்கு, கிடைத்துவிடும் என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், உள்ளுக்குள் பயம். குழலை மூடி வைத்துவிட்டால் காலையில் எழுந்து என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியாது.

"சரி கொன்ராட், என் நீட்டிப்பு விஷயம் என்ன ஆச்சு? இன்னிக்குச் சொல்றேன்னீங்களே?"

கொன்ராட் தலையைத் தூக்கவில்லை.

"அதுவும் இப்பதான் முடிவாச்சு, லோதார்."

"அப்படிப் போடு! எத்தனை வருஷம்?"

ஹெட்விக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீட்டிப்பு கேட்கறவங்க பதிவையும் எண் போட்டு மத்ததோட கலந்துடணும்னு இந்த வருஷம் நிர்வாகத்தோட உத்தரவு" என்றார் கொன்ராட். "திங்கக்கிழமை ஆபீஸ்ல வாசிச்சுக் குடுத்துட்டுப் போனீங்களே... அதுதான் பதினொண்ணு."